விலைக்கு வாங்கிய வெயில்: தோல், வர்க்கம், புற்றுநோய்

1

ஆந்த்ரே ழீத் 1902இல் வெளியிட்ட 'இம்மோரலிஸ்ட்' நாவலில் ஒரு காட்சி வருகிறது. மிஷேல் பணக்காரக் குடும்பத்துப் படிப்பாளி. காசநோயில் செத்துப் பிழைத்தவன். வட ஆப்பிரிக்காவிலிருந்து திரும்புகிற வழியில் இத்தாலியின் ராவெல்லோவில் தங்கியிருக்கும்போது, வயலில் வேலை செய்கிற விவசாயிகளின் வெயிலேறிய தோலைப் பார்க்கிறான். தன்னுடைய வெளுத்த உடம்பைப் பார்த்து வெட்கப்படுகிறான். ஆளில்லாத பாறைப் பக்கம் போய், துணியைக் களைந்து போட்டுவிட்டு வெயிலில் கிடக்கிறான். உடம்பு தேறுகிறது. நிறம் ஏறுகிறது. புது மனிதனாகிவிட்டதாக உணர்கிறான்.

ஐந்து வருடம் கழித்து, 1907இல், பிரான்சின் போர்தோ நகரத்துத் தோல் மருத்துவர் வில்லியம் துப்ரேய் வெயிலால் வரும் தோல் புற்றைப் பற்றி எழுதினார். 1890களிலேயே இதைக் கவனிக்கத் தொடங்கியிருந்தவர் அவர். போர்தோவைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்கிறவர்களின் முகத்திலும் புறங்கையிலும் செதில்செதிலாகத் தடிப்பு வருகிறது, சிலருக்கு அது புற்றாக முற்றுகிறது, நகரத்தில் நிழலில் வாழ்கிறவர்களுக்கு இது அபூர்வம் என்பது அவர் கண்டது.

ஒரே மொழியில், ஐந்து வருட இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு பிரதிகள். ஒன்று உழைப்பாளியின் தோலைப் பார்த்து ஆசைப்படுகிறது. மற்றது அதே தோலைக் கீறி எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறது. இருபதாம் நூற்றாண்டு முதல் பிரதியைத்தான் விரும்பிப் படித்தது. இரண்டாவது மருத்துவ நூலகத்து அலமாரியில் கிடந்தது. ஏன் அப்படி ஆனது, அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெயில் காய்வது, தோல் கறுப்பது, தோல் புற்று - இவற்றை உடல்நலப் பக்கத்துச் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். 'கடற்கரைக்குப் போனால் களிம்பு தடவிக்கொள்ளுங்கள்' என்பதோடு முடிந்துவிடுகிற விஷயம் மாதிரி. ஆனால் இதற்குள் உழைப்பின் வரலாறு இருக்கிறது. இனத்தின் வரலாறு இருக்கிறது. ஓய்வு எப்படிச் சரக்காயிற்று என்கிற வரலாறு இருக்கிறது. வசதிக்காக இரண்டு சொற்களை வைத்துக்கொள்வோம். கூலி வெயில் என்று ஒன்று: பிழைப்புக்காக, வருடம் முழுக்க, வேறு வழியில்லாமல் தலையில் இறங்குகிற வெயில். விடுமுறை வெயில் என்று மற்றொன்று: காசு கொடுத்து, வருடத்தில் இரண்டு வாரம், வேண்டுமென்றே மேலே வாங்கிக்கொள்கிற வெயில். வானத்தில் இருப்பது ஒரே சூரியன்தான். ஆனால் இந்த இரண்டு வெயிலும் தோலில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

2

முதலில் கூலி வெயில். ஹாம்பர்க் துறைமுக நகரத்தில் இருந்த பால் கெர்சன் உன்னா 1894இல் தோல் நோய்களின் திசுவியல் பற்றிய தன் பெரிய நூலில் 'மாலுமித் தோல்' என்று ஒன்றை விவரித்தார். பாய்மரக் கப்பலில் வருடக்கணக்காக வெயிலிலும் காற்றிலும் நின்றவர்களின் தோல் தடித்து, திட்டுத்திட்டாக நிறம் மாறி, கடைசியில் புற்றில் போய் முடிகிறது. உன்னாவுக்கு மாலுமிகள், துப்ரேய்க்குத் தோட்டத் தொழிலாளிகள். வெயிலும் புற்றும் சம்பந்தப்பட்டவை என்பதை உலகத்துக்கு முதலில் சொன்ன உடல்கள் உழைக்கிற உடல்கள்தாம். அதற்கு முன்பே 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கிறவர்களின் விரைப்பையில் வருகிற புற்றுக்குக் கரிப்புகைதான் காரணம் என்று சொல்லியிருந்தார். புற்றுநோய்க்கு வெளிக்காரணம் உண்டு என்கிற அறிவே தொழிலாளியின் தோலில் வாசிக்கப்பட்டதுதான். வாசித்தவர்கள் மருத்துவர்கள். வாசிக்கப்பட்டவர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

அந்தக் காலம் வரை ஐரோப்பாவில் வெளுப்புதான் மேட்டிமையின் அடையாளம். சீமாட்டிகளின் கையில் குடையும் உறையும் இருந்தது சும்மா இல்லை. 'நான் வயலில் நிற்கிறவள் இல்லை' என்று தோலே சொல்ல வேண்டும். தார்ஸ்டைன் வெப்லன் 1899இல் 'ஓய்வு வர்க்கம்' பற்றி எழுதியது இந்த மாதிரிக் காட்சிப்படுத்தலைத்தான்: நான் உழைக்கத் தேவையில்லை என்பதைப் பிறருக்குத் தெரியும்படி காட்டுவது.

ஆனால் இந்தக் குறியீடு அதற்குள் உள்ளுக்குள்ளே ஆட்டம் கண்டுவிட்டிருந்தது. உழைப்பு வயலிலிருந்து சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போய்விட்டது. புகை மூடிய நகரத்துச் சந்துகளில் பாட்டாளிக் குழந்தைகள் எலும்பு வளைந்து வளர்ந்தார்கள். வெளுப்பு இப்போது ஏழையின் நிறம். ஆக, மேல் வர்க்கம் வேறொரு நிறத்தைத் தேடியாக வேண்டியிருந்தது. அந்த நிறத்தைத்தான் மிஷேல் ராவெல்லோவில் விவசாயியின் முதுகில் கண்டெடுக்கிறான்.

இதற்கு மருத்துவமும் துணை நின்றது. பொய்யாக இல்லை, உண்மையாகவே. டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்சன் ஒளியைக் குவித்துப் பாய்ச்சித் தோல் காசநோயைக் குணப்படுத்தினார். 1903இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே 1903இல் ஒகுஸ்த் ரோலியே சுவிட்சர்லாந்தின் லேசான் மலையில் எலும்புக் காசநோய்க்கு வெயில் வைத்தியசாலை திறந்தார். 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கொளி குழந்தைகளின் எலும்பு வளைவைச் சரிசெய்வதைக் காட்டினார். வெயில் மருந்தாயிற்று. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் வராத காலத்தில் அது சின்ன விஷயமில்லை. 'கறுத்த தோல் ஆரோக்கியத் தோல்' என்கிற பிம்பம் வெறும் விளம்பரக்காரன் கண்டுபிடிப்பு என்று நாம் சொல்லிவிட முடியாது. அதன் அடியில் காசநோயாளிகளின் உயிராசை இருக்கிறது.

3

ஆல்ப்ஸ் மலையில் மருந்தாக இருந்த வெயில், அதே வருடங்களில் வெப்ப மண்டலத்தில் நஞ்சாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்ல்ஸ் உட்ரஃப் 1905இல் எழுதிய நூல், வெப்ப மண்டல ஒளி வெள்ளைக்காரனின் நரம்பைச் சிதைத்துவிடும் என்று வாதாடியது. இந்தியாவுக்கு வந்த துரைமார் தலையில் நெட்டித் தொப்பி ஏறியதும் இந்தப் பயத்தில்தான். தஞ்சாவூர்க் கைவினைஞர் கோயில் பொம்மை செய்கிற அதே நெட்டி. தொப்பி வெயிலைத் தடுத்தது. கூடவே யார் ஆளுகிறவன், யார் ஆளப்படுகிறவன் என்பதையும் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்தது. ரிவியராவில் கறுத்தால் அழகு, மதராஸில் கறுத்தால் ஆபத்து. காரணம் எளிது. விடுமுறைக் கறுப்பு இரண்டு மாதத்தில் உதிர்ந்துவிடும். அது கழற்றி வைக்கக்கூடிய கறுப்பு. காலனியில் கறுத்தால், எதிரே நிற்கிறவனிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுகிற கோடு அழிந்துபோகும்.

இந்தக் கோட்டின் கதை முழுதாகத் தெரிய வேண்டுமானால் குயின்ஸ்லாந்துக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் இருக்கும் அந்த மாகாணத்துக் கரும்பு வயல்களில் 1863 தொடங்கி மெலனீசியத் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள், ஏமாற்றியும் கடத்தியும்கூட. நாற்பது வருடங்களில் சுமார் 62,000 ஒப்பந்தங்கள். 1901இல் ஆஸ்திரேலியா ஒரே நாடானதும் முதல் வேலையாக 'வெள்ளை ஆஸ்திரேலியா' சட்டங்கள் வந்தன. பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம் அதில் ஒன்று. 1906இலிருந்து 1908க்குள் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்டார்கள். வெள்ளைக் கையால் விளைந்த சர்க்கரைக்கு அரசு ஊக்கத்தொகை தந்தது.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது: வெள்ளை உடம்பு அந்த வெயிலில் வேலை செய்யுமா? இதற்காகவே 1910இல் டவுன்ஸ்வில்லில் வெப்ப மண்டல மருத்துவ நிறுவனம் வந்தது. 1920இல் பிரிஸ்பேனில் கூடிய மருத்துவ மாநாடு 'தடை ஏதுமில்லை' என்று தீர்ப்புச் சொன்னது. 1925இல் ராஃபேல் சிலென்டோ 'வெப்ப மண்டலத்தில் வெள்ளை மனிதன்' என்று புத்தகமே எழுதினார். இதே காலத்தில் சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட காலனிய சர்க்கரை கம்பெனி பிஜித் தீவில் என்ன செய்தது? 1903 முதல் மதராஸ் துறைமுகம் வழியாகவும் தமிழர், தெலுங்கர் என்று ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றியது. அவர்களைப் பற்றித்தான் பாரதி பாடினார். குயின்ஸ்லாந்தில் வெள்ளைத் தோல், பிஜியில் கறுப்புத் தோல். எந்தத் தோல் எந்த வெயிலில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தது சட்டமும் கம்பெனிக் கணக்கும்தான்.

இதன் பின்விளைவை 1956இல் ஹென்ரி லான்காஸ்டர் என்கிற புள்ளியியல் அறிஞர் பதிவு செய்தார். ஐரோப்பிய வம்சாவளியினரிடையே மெலனோமா சாவுகள் ஆஸ்திரேலியாவின் தெற்கிலிருந்து வடக்கே, பூமத்திய ரேகைப் பக்கம் போகப்போக அதிகரிக்கின்றன என்று அவர் காட்டினார். குயின்ஸ்லாந்து உலகத்திலேயே தோல் புற்று மிக அதிகமான இடங்களில் ஒன்றாக ஆயிற்று. அந்த மண்ணில் பல்லாயிரம் வருடம் வாழ்ந்த பூர்வகுடிகளிடம் இந்த நோய் அபூர்வம். ஆக, அங்கே தோல் புற்று என்பது வெயிலால் மட்டும் வந்ததில்லை. வெள்ளைத் தேசம் ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்கிற பிடிவாதம் தோலின் மேல் எழுதிய கணக்கு அது. நாடு கடத்தப்பட்டவர்கள் ஒரு விலை கொடுத்தார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொரு விலை கொடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பேசவும் கூடாது.

4

விடுமுறை வெயில் எப்படிச் சரக்காயிற்று? பத்திரிகைகள் வழக்கமாகச் சொல்கிற கதை ஒன்று உண்டு: 1920களில் கோகோ ஷனேல் படகுப் பயணம் போய்க் கறுத்துத் திரும்பினார், உலகம் பின்தொடர்ந்தது என்று. சீமாட்டி ஒருத்தியின் முதுகில் வரலாற்றை ஏற்றிவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். 1927இல் ஷான் பத்தூ வெயில் எண்ணெய் விற்பனைக்கு விட்டார். 1930களின் நடுவில் லொரெயால் கம்பெனி 'ஆம்ப்ர் சொலேர்' கொண்டுவந்தது. தோல் வேகாமல் நிறம் மட்டும் ஏற வேண்டும் என்பது அதன் வாக்குறுதி.

1936 ஜூன் மாதம் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு. ஆலைகளைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர்கள் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை சட்டமாயிற்று. அந்த ஆகஸ்டில் சலுகைச் சீட்டோடு ரயிலேறி, ஆயிரக்கணக்கான தொழிலாளிக் குடும்பங்கள் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தன. இது போராடிப் பெற்ற உரிமை. இதைக் கேலி செய்ய நமக்கு அருகதை கிடையாது. ஆனால் அதே வருடம்தான், 1924இல் வந்து லட்சக்கணக்கில் விற்ற ஹான்ஸ் சூரனின் 'மனிதனும் சூரியனும்' நூல், ஜெர்மனியில் ஆரிய மகிமையைச் சேர்த்து மறுபடி அச்சாயிற்று. வெயிலேறிய உடல் ஒருபக்கம் விடுதலையின் சின்னம், மறுபக்கம் இனத் தூய்மையின் சின்னம். இடது, வலது இரண்டுமே வெயிலை வாழ்த்தின. கம்பெனி இரண்டு பேருக்கும் எண்ணெய் விற்றது.

அறிவு இல்லாமல் நடந்ததா இது? அதுதான் இல்லை. 1928இல் ஜார்ஜ் ஃபிண்ட்லே என்கிற ஆய்வாளர் புற ஊதா ஒளியால் எலிகளுக்குத் தோல் புற்று வருவதைக் காட்டிவிட்டார். 1930களில் புவெனஸ் அயர்ஸில் ஆங்கெல் ரோஃபோ வெயிலில் வைத்த எலிகளுக்குக் கட்டி வருவதையும், நடுவில் ஜன்னல் கண்ணாடி இருந்தால் வராமல் போவதையும் காட்டினார். ஆக, எண்ணெய்ப் புட்டிகள் கடைக்கு வந்த அதே பத்தாண்டில் சான்றும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சான்று மாலுமி, தோட்டக்காரன், எலி ஆகியவர்களைப் பற்றியது. புட்டியோ விடுமுறைக்காரனைப் பற்றியது. இரண்டு சொல்லாடலும் சந்திக்கவே இல்லை.

போருக்குப் பிறகு விமானம் வந்தது. 1950இல் லண்டன் பக்கத்திலிருந்து கோர்சிகாவுக்கு முதல் மொத்த விலைச் சுற்றுலா. ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டார் 1960இல் சுமார் 60 லட்சம். 1973இல் மூன்று கோடிக்கும் மேல். ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்துக்கு அந்நியச் செலாவணி தந்தது அந்த வெயில். மான்செஸ்டரிலும் ஸ்டாக்ஹோமிலும் ஐம்பது வாரம் மின்விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்த தோல், இரண்டு வாரம் தெற்கத்தி வெயிலில் கிடந்து தோலுரிந்து திரும்பியது. அலுவலகத்தில் சக ஊழியர்கள் 'நல்லா நிறம் ஏறியிருக்கே' என்றார்கள். வெப்லன் இருந்திருந்தால் சிரித்திருப்பார். 'வயலில் நிற்கிறவள் இல்லை' என்று காட்டிய வெளுப்பின் இடத்தில், 'எனக்கு ஸ்பெயின் போகக் காசு இருக்கிறது' என்று காட்டுகிற கறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

5

இங்கேதான் நோய் ஒரு புதிர் போட்டது. தோல் புற்று ஒரே வகை இல்லை. செதிள்செல் புற்று, அடிச்செல் புற்று என்று இரண்டு. பரவலானவை, பெரும்பாலும் குணமாகக்கூடியவை. மூன்றாவது மெலனோமா. நிறமிச் செல்லிலிருந்து வருவது; எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உடம்புக்குள் பரவிக் கொல்வது. 2020இல் உலகத்தில் சுமார் 3,25,000 பேருக்குப் புதிதாக வந்தது. சுமார் 57,000 பேர் செத்தார்கள்.

செதிள்செல் புற்று, உன்னாவும் துப்ரேயும் கண்டபடியே, ஆயுள் முழுக்கச் சேர்கிற கூலி வெயிலின் நோய். மெலனோமாவும் அப்படியென்றால் மாலுமிக்கும் மேஸ்திரிக்கும்தானே அதிகம் வர வேண்டும்? வரவில்லை. 1981இல் வாலரி பெரலும் உடன் ஆய்வாளரும் இங்கிலாந்துப் புள்ளிவிவரங்களை அலசியபோது, வெளியில் வேலை செய்கிறவர்களைவிட அலுவலகத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்குத்தான் மெலனோமா அதிகம் என்று தெரிந்தது. வந்த இடமும் முகமோ கையோ இல்லை. வருடம் முழுக்கத் துணிக்குள் இருந்து விடுமுறையில் மட்டும் திறக்கப்படுகிற முதுகும் காலும். 1980களில் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகள் இதையே சொல்லின. மார்க் எல்வுட், ஜானட் ஜாப்சன் இருவரும் 1997இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். விட்டுவிட்டு வாங்கும் வெயிலால் மெலனோமா ஆபத்து சுமார் 1.7 மடங்கு. தோல் வெந்த அனுபவம் இருந்தால் சுமார் 1.9 மடங்கு. தொழில் காரணமான தொடர் வெயிலுக்கோ 0.86, அதாவது கூடவில்லை.

எப்போதாவது காய்வதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்கிற நினைப்பை இந்த எண்கள் தலைகீழாக்குகின்றன. அந்த 'எப்போதாவது'தான் ஆபத்து. பழகாத தோலில், திடீரென்று, வேகும் அளவுக்கு இறங்குகிற வெயில். அதுவும் சிறு வயதில்.

0.86ஐப் பிடித்துக்கொண்டு 'வெயில்ல வேலை செய்யறவனுக்கு ஒண்ணும் ஆகாது' என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சீக்கிரம் வேகிற தோல்காரர்கள் வெளி வேலைக்கே போவதில்லை, போனாலும் நிலைப்பதில்லை என்பதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. வயதான வெளித் தொழிலாளிகளுக்கு முகத்திலும் கழுத்திலும் மெலனோமா வேறொரு பாதையில் வருகிறது. மறுபக்கம், மெலனோமா 'பெருகியது' என்பதிலும் ஒரு பகுதி தேடித்தேடிக் கண்டுபிடித்ததால் வந்த பெருக்கம். அமெரிக்காவில் நாற்பது வருடத்தில் கண்டுபிடிப்பு ஆறு மடங்கு ஏறியும் சாவு விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்ததை 2021இல் கில்பர்ட் வெல்ச் குழு சுட்டிக்காட்டியது.

தோலுக்குள் நடப்பதையும் பார்த்துவிடுவோம். புற ஊதாக் கதிர் செல்லின் டி.என்.ஏ.யில் பட்டால் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகள் இரண்டு தப்பாக ஒட்டிக்கொள்ளும். செல் அதை வெட்டி எடுத்துச் சரிசெய்யப் பார்க்கும். பி-53 என்கிற புரதம் சேதத்தை உணர்ந்து சைகை அனுப்ப, நிறமிச் செல் மெலனினைச் சுரந்து பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும். அந்த மெலனின் செல்லின் கருவுக்கு மேலே குடை மாதிரி கவியும். இதில் பி-53இன் பங்கை 2007இல் டேவிட் ஃபிஷரின் குழு நிறுவியது. ஆக, வெயிலில் ஏறுகிற நிறம் ஆரோக்கியத்தின் நிறமில்லை. சேதம் நடந்தபிறகு விரிக்கிற குடை. 'ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கறுக்க வச்சுக்கிட்டா வேகாது' என்று மேல்நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி ஏற்றிய நிறம் தருகிற காப்பு, எண் மூன்று நான்கு போட்ட களிம்பின் அளவுதான். அதற்குக் கொடுத்த விலையோ சரிசெய்யப்படாமல் தங்கிப்போன திரிபுகள். இருபது முப்பது வருடம் கழித்து, ஏதோ ஒரு செல்லில் அந்தக் கணக்கு நேராகலாம்.

6

நம் வட்டாரத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஃபூக்கோவைப் படித்தபிறகு, மருத்துவம் சொல்கிற எதையும் 'உடல் மீதான அதிகாரச் சொல்லாடல்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது. நோயும் ஒரு கட்டமைப்புத்தானே என்பார்கள் தோழர்கள். பாதி சரி. எந்த உடல் கவனிக்கப்படும், எந்த உடல் கவனிக்கப்படாது என்பதை அதிகாரம்தான் தீர்மானிக்கிறது. இதுவரை பார்த்ததே அதற்குச் சாட்சி. ஆனால் ஒட்டிக்கொண்ட இரண்டு டி.என்.ஏ. கண்ணிகளுக்கு நம் கட்டவிழ்ப்பு தெரியாது. சொல்லாடலை விமர்சிக்கிற வேகத்தில் செல்லை மறந்தால், கடைசியில் தொழிலாளியின் நோயையும் சேர்த்தே மறுத்துவிடுவோம். கம்பெனிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

உதாரணத்துக்கு வெயில்காப்புக் களிம்பு. ஃபிரான்ஸ் கிரைட்டர் காப்பெண் என்கிற அளவையைப் பரப்பினார். 1999இல் ஃபிலிப் ஓத்தியே குழு மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு எண் 10, இன்னொரு பகுதிக்கு எண் 30 களிம்பு கொடுத்தது. யாருக்கு எது என்று சொல்லவில்லை. எண் 30 பூசியவர்கள் கூடுதல் நேரம் வெயிலில் கிடந்தார்கள். தோல் வேகும்போது வருகிற எரிச்சல் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையை அணைத்துவிட்டால் ஆள் எழுந்து போவதில்லை. 'அப்ப களிம்பே ஏமாற்று' என்று சொல்லிவிடலாமா? முடியாது. குயின்ஸ்லாந்தின் நாம்பூரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் அடேல் கிரீன் குழு நடத்திய சோதனையில், தினமும் பூசச் சொன்ன பகுதியில் பிற்பாடு 11 மெலனோமாக்கள், இஷ்டப்படி விட்ட பகுதியில் 22. ஒரே பொருள், இரண்டு பயன்பாடு. தினசரி வாழ்க்கையின் காப்பாக இருந்தால் பாதியாகக் குறைக்கிறது. விடுமுறையை நீட்டிக்கிற அனுமதிச் சீட்டாக இருந்தால் ஆபத்தை நீட்டிக்கிறது.

ஆஸ்திரேலியா 1981இலேயே சட்டை, களிம்பு, தொப்பி என்று மூன்றையும் சேர்த்து இயக்கம் நடத்தியது. வெயில் போதாதென்று கடைக்குள்ளேயே புற ஊதா விளக்குப் படுக்கை வைத்து விற்ற வியாபாரமும் நடந்தது. 2007இல் மெல்போர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் 26 வயதில் மெலனோமாவால் இறந்தார். கடைசி வாரங்களில் அந்தப் படுக்கைகளுக்கு எதிராகப் பகிரங்கமாகப் பேசிவிட்டுப் போனார். 2009இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தப் படுக்கைகளைப் புற்று உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டு தடை செய்தது. ஆஸ்திரேலிய மாகாணங்கள் பெரும்பாலும் 2015 தொடக்கத்தில் வணிகப் படுக்கைகளைத் தடை செய்தன. போராடினால் நடக்கிறது என்பதற்கு இது சான்று.

ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். உன்னா எழுதியது 1894. ஜெர்மனியில் வெளித் தொழிலாளிகளின் செதிள்செல் புற்று 'தொழில் நோய்' என்று அங்கீகாரம் பெற்றது 2015. இடையில் 121 வருடம். 2023இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன: 2019இல் 160 கோடிப் பேர் வேலையின்போது வெயிலில் நின்றார்கள், மெலனோமா அல்லாத தோல் புற்றில் சாகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், சுமார் 19,000 பேர், அந்த வேலை காரணமாகச் செத்தார்கள். விடுமுறை வெயிலின் நோய் இருபது முப்பது வருடத்தில் பிரச்சாரமாகவும் சட்டமாகவும் ஆயிற்று. கூலி வெயிலின் நோய்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இன்னும் பல நாடுகளில் பட்டியலிலேயே இல்லை.

7

'நமக்கென்னங்க, நாம கறுப்பு ஆளுங்க' என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான குரல். நம் தோலின் மெலனின் பெரும் காப்பு. இங்கே வெயிலில் தார் ஊற்றுகிறவரையும் உப்பளத்தில் நிற்கிறவரையும் முதலில் கொல்லக்கூடியது புற்று இல்லை, வெப்பம்தான். அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் இடைவேளையும் கேட்பதே முதல் கோரிக்கை. ஆஸ்திரேலியச் சுவரொட்டியை அப்படியே மொழிபெயர்த்து இங்கே ஒட்டுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒட்டத்தான் செய்கிறார்கள், வேறு நோக்கத்துக்கு. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. கூடவே நம் தெருக்களின் அழகு நிலையங்களில் 'டீ-டேன்' என்று ஒரு பலகை ஏறியிருக்கிறது. அங்கே நாம்பூரில் உயிரைக் காக்கப் பூசிய அதே களிம்பு, இங்கே சாதியும் வர்க்கமும் சேர்ந்து செய்த வெளுப்பு மோகத்துக்குப் பூசப்படுகிறது. ஒரு நாட்டில் கறுப்பை ஏற்றி விற்கிறார்கள். இன்னொரு நாட்டில் கறுப்பை இறக்கி விற்கிறார்கள். இரண்டு இடத்திலும் வயலில் நிற்கிறவரின் தோலிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுவதுதான் சரக்கு.

இதற்கிடையில் நமக்கு உண்மையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் யார் காதிலும் விழுவதில்லை. கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால், அது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1981இல், 36 வயதில் இறந்தார். அதற்கு வெயில் காரணமில்லை, களிம்பு தடுப்புமில்லை. உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு மெல்ல விரிந்தாலோ, நகத்தில் ஒரு கறுப்புக் கோடு அகன்றுகொண்டே போனாலோ, ஆறாத புண் ஒன்று இருந்தாலோ காட்ட வேண்டும். முள் குத்தியது, செருப்புக் கடித்தது என்று விட்டுவிடுவதால்தான் தாமதமாகிறது. செருப்பில்லாமல் வேலை செய்கிற காலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

மிஷேல் அன்றைக்கு ராவெல்லோவில் விவசாயியின் தோலைப் பார்த்தான். அந்தத் தோலுக்குள் இருந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துப்ரேய் கேட்டார், எழுதினார், ஆனால் படிக்க ஆளில்லை. தொழிற்சங்கத்தில் வேலை செய்கிற தோழர்கள் அடுத்த தடவை கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது நிழல், தண்ணீர், நண்பகல் ஓய்வு, வருடம் ஒருமுறை தோலையும் உள்ளங்காலையும் பார்க்கிற மருத்துவச் சோதனை என்று நான்கு வரி சேர்த்துக்கொண்டால், அந்தப் பழைய கட்டுரை நூறு வருடம் தாமதமாகவாவது வாசிக்கப்பட்டதாக ஆகும்.